பச்சிளங்குழந்தைக்குப் புரையேறினால்: கேஸ் ஷீட்டில் எழுதுவதும் கோடு போடுவதும்

பனிக்குட நீர் பச்சையாக வந்தது என்பது ஒரு செய்தி. அந்த நீரைக் குழந்தை நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்டது என்பது வேறு செய்தி. இழுத்ததால் மூச்சுத் திணறியது என்பது மூன்றாவது. அமெரிக்கப் பட்டியலில் மூன்றுக்கும் தனித்தனிக் கோடு, அதாவது நோய்க் குறியீடு, உண்டு. ஒன்றைப் போட்டால் மற்ற இரண்டையும் போடக் கூடாது. இந்தக் கோடுகளில் தணிக்கையில் திரும்பி வருபவற்றில் பெரும்பாலானவை இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியவையே.

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் மெடிக்கல் கோடிங் படித்துவிட்டு அமெரிக்க சார்ட்டுகளைப் பார்ப்பவர்களுக்கும், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரத்தில் பிரசவ அறை, பச்சிளங்குழந்தைப் பிரிவு, ரெக்கார்டு பிரிவு ஆகியவற்றில் எழுதுபவர்களுக்கும் சேர்த்தே இது. எழுதுபவர் விட்ட இடத்தைக் கோடர் ஊகித்து நிரப்ப முடியாது. கோடுகளின் ஆங்கில எழுத்துகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம்; ‘பி’ என்று வருவதெல்லாம் P. தாய்க்குரிய கோடுகளில் வரும் ‘ஓ’ எழுத்துதான், சுழியம் இல்லை; டைப் செய்யும்போது அடிக்கடி தவறுவது அங்கேதான்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கோடுப் பட்டியலான ஐசிடி-10 வேறு, அமெரிக்காவில் புழங்கும் ஐசிடி-10-சிஎம் வேறு. இந்திய மருத்துவமனைப் புள்ளிவிவரமும் இறப்புக் காரணச் சான்றும் முதலாவதைப் பின்பற்றுகின்றன. அதில் மெக்கோனியம் (குழந்தையின் முதல் மலம்) உள்ளிழுப்புக்கு பி24.0 என்பதோடு சரி. மூச்சுத் தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கோடுதான். சிஎம் பதிப்பில்தான் ஐந்தாவது இலக்கம் வருகிறது: 0 என்றால் மூச்சு அறிகுறி இல்லை, 1 என்றால் உண்டு. சிஎம் பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளூர் ரெக்கார்டில் பி24.01 என்று பதிந்தால், உலகப் பதிப்பை மட்டும் வைத்திருக்கும் மென்பொருள் அதை ஏற்காது. சிஎம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-இல் மாறும். குழந்தை டிஸ்சார்ஜ் ஆன தேதிக்கு எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நீங்கள் கோடு போடும் தேதி கணக்கில்லை.

பி24 குடும்பம் இது. நான்காவது இலக்கம் எது உள்ளே போனது என்பதைச் சொல்கிறது:

பி24.0 – மெக்கோனியம், வீட்டுப் பேச்சில் காட்டுப்பீ
பி24.1 – தெளிந்த பனிக்குட நீர், சளி
பி24.2 – ரத்தம்
பி24.3 – பால், எதுக்களித்த உணவு
பி24.8 – மற்றவை
பி24.9 – எதுவென்று குறிப்பிடாதது

பி24.9 போட வேண்டி வந்தால் கோடரின் வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நீர், என்ன நிறம் என்பது பிரசவக் குறிப்பில் எங்காவது ஒரு வரியாக இருக்கும். அதைத் தேடிப்பிடித்து மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

சாயம், வெளியேற்றம், உள்ளிழுப்பு

நிறைமாதப் பிரசவங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தில் பனிக்குட நீர் மெக்கோனியம் கலந்து வரும். அவற்றில் சிறு பகுதிக்குத்தான் உள்ளிழுப்பு நோய் வரும். சிஎம் பதிப்பில், பிரசவத்தின்போது மெக்கோனியம் போனது என்று மட்டும் இருந்தால் பி03.82. தோல், நகம், தொப்புள்கொடி பச்சை படிந்திருந்தது என்று மட்டும் இருந்தால் பி96.83. உள்ளிழுப்பு என்று மருத்துவர் எழுதியிருந்து மூச்சுத் தொல்லையைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் பி24.00. ‘மெக்கோனியம் ஆஸ்பிரேஷன் சின்ட்ரோம்’ என்றோ, மெக்கோனியத்தால் வந்த நிமோனியா, நிமோனைடிஸ் என்றோ எழுதியிருந்தால் பி24.01.

இவற்றுக்கிடையே ‘எக்ஸ்க்ளூட்ஸ் 1’ குறிப்பு, அதாவது சேர்த்துப் போடக் கூடாது என்ற குறிப்பு, இருக்கிறது. பி24.01-ஐப் போட்டுவிட்டு, பாதுகாப்புக்கென்று பி03.82-ஐயும் பக்கத்தில் வைக்க முடியாது. உள்ளிழுப்பு என்றாலே மலம் வெளியேறியது அதற்குள் அடக்கம்.

குடும்பத்தார் சொல்வதிலும் கவனம் வேண்டும். “உள்ளேயே மோஷன் போயிடுச்சு, தண்ணியக் குடிச்சிடுச்சு” என்று பாட்டி சொல்வதை வரலாற்றுப் பகுதியில் ஒரு நர்ஸ் அப்படியே எழுதுவார். எழுதட்டும், அது வரலாறுதான். அதை எடுத்து நோய் முடிவாக வைத்தால் நன்றாக அழுது, பால் குடித்து, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன குழந்தையின் ரெக்கார்டில் ஒரு நுரையீரல் நோய் ஏறிவிடும். நாளைக்குத் தனியார் காப்பீடு எடுக்கும்போது இல்லாத நோய்க்கு விளக்கம் சொல்லும் நிலை வரும்.

பிரசவ அறைக் குறிப்பு

கோடிங் பிழை பெரும்பாலும் பிறக்கும் இடம் இதுதான். கீழே வருவது போன்ற குறிப்பு எங்கும் சகஜம். கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் இருக்கும். பொருளை மட்டும் தமிழில் தருகிறோம் (எம்.எஸ்.எல். என்றால் மெக்கோனியம் கலந்த பனிக்குட நீர், எம்.ஏ.எஸ். என்றால் மெக்கோனியம் ஆஸ்பிரேஷன் சின்ட்ரோம்):

“எம்.எஸ்.எல். ++. குழந்தை சோர்வு. சக்‌ஷன் செய்து ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது. எம்.ஏ.எஸ்.? வார்டுக்கு மாற்றம்.”

இதிலிருந்து ஒரு கோடுகூட உறுதியாக எடுக்க முடியாது. இரண்டு கூட்டல் குறி கெட்டியா, அளவா என்று தெரியவில்லை. சோர்வு என்றால் தசைத் தளர்வா, மூச்சில்லையா, துடிப்புக் குறைவா? ஆக்சிஜன் முகத்தருகே காட்டப்பட்டதா, பேக்கால் அழுத்திச் செலுத்தப்பட்டதா? கேள்விக்குறி கடைசி வரை கேள்விக்குறியாகவே நின்றதா?

அதே பிரசவத்தை இப்படி எழுதலாம்:

“கர்ப்பம் 41 வாரம் 2 நாள். பனிக்குடம் 01.40-க்குத் தானாக உடைந்தது, நீர் தெளிவு. 04.15 முதல் கெட்டியான பச்சை. 05.06-க்குச் சுகப்பிரசவம். அழவில்லை, கைகால் தளர்வு, துடிப்பு 80. வாயில், பிறகு மூக்கில் சக்‌ஷன். குரல்நாண் பார்க்கப்படவில்லை, மூச்சுக்குழலில் சக்‌ஷன் செய்யவில்லை. முதல் நிமிடத்துக்குள் ஆம்பு பேக், 21 சதவீதம். 30 வினாடியில் துடிப்பு 120. 05.09-க்குத் தானாக மூச்சு, பேக் நிறுத்தம். 5-ஆம் நிமிடம் வலது கையில் ஆக்சிஜன் செறிவு 82. ஆப்கார் 1-ஆம் நிமிடம் 4, 5-ஆம் நிமிடம் 7. 05.30-க்கு முனகல், மூச்சு 74, டவுன்ஸ் 5. 06.10 எக்ஸ்-ரே: இரு பக்கமும் திட்டுத்திட்டான நிழல், நுரையீரல் மிகை விரிவு. முடிவு: மெக்கோனியம் ஆஸ்பிரேஷன் சின்ட்ரோம். சிபாப் தொடக்கம்.”

பத்து வரிதான். (ஆம்பு பேக் கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை, ஆப்கார் பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குத் தரும் மதிப்பெண், டவுன்ஸ் மூச்சுத் திணறலுக்கான மதிப்பெண், சிபாப் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் மூச்சு உதவி.) ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் வேலை இருக்கிறது. நீர் முதலில் தெளிவாக இருந்து பிறகு மாறியது என்பது, தாயின் சார்ட்டுக்கும் இதயத்துடிப்புப் பதிவுக்கும் பொருந்த வேண்டிய தகவல். ‘மூச்சுக்குழலில் சக்‌ஷன் செய்யவில்லை’ என்ற வரியைப் பார்த்துப் பழைய பழக்கத்தில் இருப்பவர்கள் விடுபட்டதாக நினைப்பார்கள். அது விடுபடல் இல்லை. சோர்ந்த குழந்தைக்கும் வழக்கமாகக் குழாய் செருகி மெக்கோனியத்தை உறிஞ்ச வேண்டும் என்ற விதியை 2015-ஆம் ஆண்டு புத்துயிர்ப்பு வழிகாட்டுதல்கள் கைவிட்டுவிட்டன. காற்று செலுத்துவதுதான் முதல் வேலை. மூச்சுக்குழல் அடைத்திருந்தால் மட்டும் உறிஞ்சுதல். ஆகவே செய்யவில்லை என்பதை எழுதுவது நல்லது. செய்திருந்தால், குரல்நாணுக்குக் கீழே மெக்கோனியம் தெரிந்ததா என்பதையும் எழுத வேண்டும்.

ஆக்சிஜன் செறிவை வலது கையில்தான் எடுக்க வேண்டும், எந்தக் கை என்றும் எழுத வேண்டும். 5-ஆம் நிமிடத்தில் 80 முதல் 85 வரை இருந்தால் அது இலக்குக்குள். வெறுமனே ‘செறிவு 82’ என்று நேரமில்லாமல் எழுதினால், பின்னால் படிப்பவருக்கு அது கடுமையான குறைபாடாகத் தெரியும்.

நேரம் பற்றி இன்னொன்று. 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். இரவு 23.58-க்குப் பிறந்து 00.01-க்குப் பேக் நிறுத்தியிருந்தால் தேதி மாறியதையும் குறிக்க வேண்டும். பிரசவ அறைக் கடிகாரமும் குழந்தைப் பிரிவுக் கடிகாரமும் ஆறேழு நிமிடம் விலகி நிற்பதை எந்த மருத்துவமனையிலும் பார்க்கலாம். வார்மரில் ஏறிய நேரம் பிறந்த நேரத்துக்கு முன்னால் வந்துவிடும்! வாரம் ஒருமுறை இரண்டையும் ஒரே போனைப் பார்த்துத் திருத்தி வைப்பது ரெக்கார்டு பிரிவுக்குப் பெரிய உதவி.

சின்ட்ரோம் என்று சொல்ல என்ன வேண்டும்

மெக்கோனியம் கலந்த நீர், பிறந்து சற்று நேரத்திலேயே தொடங்கிய மூச்சுத் தொல்லை, அதற்கு ஒத்துப்போகும் எக்ஸ்-ரே, வேறு காரணம் சொல்ல முடியாமை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் மருத்துவர் அப்படி முடிவு செய்வார். இரண்டாம் நாள் மாலை வரை நன்றாக இருந்த குழந்தைக்கு அதற்குப் பிறகு மூச்சு வாங்கினால், தொற்று, இதயக் குறை என்று வேறு வழியில் தேடுவார்கள். ஆகவே தொல்லை தொடங்கிய நேரம் குறிப்பில் இல்லாவிட்டால் மொத்தமும் தள்ளாடும்.

இந்த நான்கையும் நீங்களே சார்ட்டில் கண்டுபிடித்தாலும், மருத்துவர் பெயர் சொல்லாமல் கோடு போட முடியாது. எக்ஸ்-ரே ரிப்போர்ட்டில் ரேடியாலஜிஸ்ட் ‘உள்ளிழுப்பாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தாலும், சிகிச்சை செய்யும் மருத்துவர் ஏற்றுக்கொண்டு எழுதியாக வேண்டும். அமெரிக்க உள்நோயாளி சார்ட்டில் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ‘சாத்தியம்’, ‘சந்தேகம்’ என்று நின்றால் மருத்துவமனைக் கோடிங்கில் இருப்பதாகவே போடலாம். மருத்துவருக்கான கட்டணக் கோடிங்கில் அப்படிப் போட முடியாது. ஒரே சார்ட்டுக்கு இரண்டு விதி என்பதால் புதிதாக வருபவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு.

மருத்துவரிடம் கேட்கும் முறை

“இது எம்.ஏ.எஸ். தானே, உறுதி செய்யவும்” என்று கேட்பது பதிலை வாயில் திணிப்பது. தணிக்கையில் அந்தக் கேள்வியே செல்லாது. சார்ட்டில் உள்ளதை அடுக்கிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள்: “04.15 முதல் பனிக்குட நீர் கெட்டியான பச்சை. 05.30-க்கு முனகல், டவுன்ஸ் 5. 06.10 எக்ஸ்-ரேயில் திட்டு நிழல். சிபாப் 31 மணி நேரம். இந்த மூச்சுத் தொல்லைக்கு உங்கள் மருத்துவ முடிவு என்ன? மெக்கோனியம் உள்ளிழுப்பு / தற்காலிக வேக மூச்சு / பிறவி நிமோனியா / வேறு / தீர்மானிக்க இயலவில்லை.” கட்டணத்தைப் பற்றிக் கேள்வியில் ஒரு சொல்கூட வரக் கூடாது.

கூட வரும் கோடுகள்

மேலே எழுதிக் காட்டிய குழந்தைக்கு, பிறந்த மருத்துவமனையின் சிஎம் கோடிங் இப்படி அமையும்: முதலில் பிறப்பைக் குறிக்கும் இசட்38.00, பிறகு பி24.01, பிறகு நாள் கடந்து பிறந்ததற்கான பி08.21. சிஎம்மில் 40 வாரம் முடிந்து 42 வாரம் வரை பி08.21 உண்டு. உலகப் பதிப்பில் பி08.2 என்பது 42 வாரம் நிறைந்தவர்களுக்குத்தான். ஆகவே அங்கே இந்தக் குழந்தைக்கு அது கிடையாது.

ஆப்கார் 4 என்பதை வைத்துக்கொண்டு பிறப்பு மூச்சடைப்பு என்று யாரும் கோடு போட வேண்டாம். உலகப் பதிப்பின் பி21 தலைப்பிலேயே, மூச்சடைப்போ வேறு மூச்சுச் சிக்கலோ குறிப்பிடாமல் வெறும் ஆப்கார் குறைவுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. சிஎம் பதிப்பில் பி21 கிடையவே கிடையாது; மருத்துவர் மூச்சடைப்பு என்று எழுதியிருந்தால் பி84-க்குப் போகும். மூளைப் பாதிப்பு இருந்தால் பி91.6 வரிசை, அதில் லேசானது, நடுத்தரம், கடுமையானது என்ற தரத்தை மருத்துவர் எழுதாவிட்டால் தரமில்லாத கோடுதான் கிடைக்கும்.

நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே காற்று கசிந்திருந்தால் பி25.1, மூச்சுச் செயலிழப்பு என்று எழுதியிருந்தால் பி28.5 தனியாக. பிறந்த பின்னும் நுரையீரல் ரத்த அழுத்தம் இறங்காமல் நீடித்தால் பி29.30. பி24.01-க்கு அடியில் ஐ27.2 வரிசையைச் சேர்க்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. அது இரண்டாம்நிலை உயர் அழுத்தம் என்று மருத்துவர் எழுதினால் மட்டும். வலது கைக்கும் காலுக்கும் செறிவு பத்துக்கு மேல் விலகியது, எக்கோ எப்போது எடுத்தார்கள் என்பவை கேஸ் ஷீட்டில் இருந்தால் பி29.30 தணிக்கையில் நிற்கும். முனகல், வேக மூச்சு, நெஞ்சுக்குழி உள்ளிழுப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கோடு வேண்டாம். அவை நோயின் பகுதி.

ஆன்டிபயாட்டிக் போட்டார்கள் என்பதற்காக, ரத்தத் தொற்றுக்கான பி36 வராது. 48 மணி நேரம் மருந்து கொடுத்து, கல்ச்சரில் எதுவும் வளராமல் நிறுத்தியிருப்பார்கள். தொற்று இருந்தது என்று மருத்துவர் எழுதினால் ஒழிய அந்தக் கோடு இல்லை.

தாயின் சார்ட்டில் சிஎம் என்றால் ஓ77.0, உலகப் பதிப்பு என்றால் ஓ68.1. தாய்க்கு ‘பி’ கூடாது, குழந்தைக்கு ‘ஓ’ கூடாது.

பால், சேனை, எண்ணெய்

டெல்டா ஊர்களில் பி24.3-உம் பி24.8-உம் வரும் வழியே தனி. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது என்று சீனித் தண்ணீரோ தேனோ நாக்கில் விடுவது, படுத்த நிலையில் சங்கில் பால் புகட்டுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது. ‘புரையேறியது’ என்று மட்டும் எழுதினால் எது ஏறியது என்று தெரியாது. என்ன கொடுத்தார்கள், எவ்வளவு, எதால், குழந்தை எந்த நிலையில் இருந்தது, எத்தனை நிமிடத்தில் நீலம் பாய்ந்தது, மூச்சு நின்றதா என்று கேட்டு எழுத வேண்டும். கேட்கும்போது குற்றம் சாட்டும் குரல் வந்தால் பாட்டி எண்ணெயைச் சொல்லவே மாட்டார்.

தாய்ப்பாலோ புட்டிப்பாலோ, வயிற்றில் இருந்து எதுக்களித்ததோ என்றால் பி24.3, மூச்சுத் தொல்லை இருந்தால் சிஎம்மில் பி24.31. எண்ணெய், சீனித் தண்ணீர் நேராக மூச்சுக்குழலுக்குப் போயிருந்தால் பி24.8. பெரியவர்களுக்கான ஜே69-ஐ இந்த வயதில் தொடக் கூடாது. அதன் தலைப்பே பி24-ஐ விலக்குகிறது. 28 நாள் வயது தாண்டிய பிறகு புதிதாகப் புரையேறிய குழந்தைக்குத்தான் ஜே69: உணவு என்றால் ஜே69.0, எண்ணெய் என்றால் ஜே69.1. பிறந்த சமயத்தில் தொடங்கிய நோய் 28 நாளுக்குப் பின்னும் நீடித்தால் பி கோடே தொடரும்.

பாலாடையில் ஒவ்வொரு முறையும் புரையேறும், வாயில் நுரை நிற்கும் குழந்தை என்றால் உணவுக்குழாய்ப் பிறவிக் குறையை மருத்துவர் தேடுவார். குழாய் போட்டுப் பார்த்தபோது எத்தனை சென்டிமீட்டரில் தடுத்தது என்பதை எழுதி வையுங்கள். குறை உறுதியானால் க்யூ39 வரிசை சேரும்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ பிறந்து, 108-இல் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்கோ திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கோ போகும் குழந்தையின் தாள் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில் பிறந்த நேரம், நீரின் நிறம், பேக் போட்ட நேரம், ஆப்கார், ஏற்றும்போது இருந்த செறிவும் உடல் வெப்பமும், தாயின் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) ஆகியவை கட்டாயம். குழந்தைக்கு இன்னும் பெயர் இருக்காது, தாயின் பெயரைச் சொல்லி அவரது குழந்தை என்றுதான் எழுதுவார்கள். ஒரே இரவில் அதே பெயரில் இரண்டு தாய்மார் வருவது இங்கே அபூர்வமில்லை. எக்ஸ்-ரே பிலிமில் பெயர் மட்டும் இருந்தால் அது யாருடையது என்று பிறகு சொல்ல முடியாது. பிக்மி எண்ணும் பிறந்த நேரமும் பிலிமிலேயே இருக்கட்டும். இரட்டை என்றால் 1, 2 என்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கோரிக்கை இந்த ஒரு பொருத்தமின்மையால் நின்றுபோகும்.

சேரும் மருத்துவமனை இசட்38 போடக் கூடாது. அது பிறந்த இடத்துக்கு ஒரே ஒரு முறைதான். இங்கே பி24.01-ஏ முதல் கோடு.

குழந்தை இறந்துவிட்டால் இறப்புக் காரணச் சான்றான படிவம் 4-இல் ‘இதயமும் மூச்சும் நின்றன’ என்று முதல் வரியை நிரப்பாதீர்கள். அது இறந்த விதம், காரணம் இல்லை. முதல் வரியில் நீடித்த நுரையீரல் உயர் அழுத்தம், அதற்குக் காரணமாக அடுத்த வரியில் மெக்கோனியம் ஆஸ்பிரேஷன் சின்ட்ரோம் என்று கீழ்நோக்கிப் போக வேண்டும். வீட்டில் இறந்து கொண்டுவரப்பட்ட குழந்தையின் வாயில் பால் இருந்தது என்பதை மட்டும் வைத்துப் புரையேறி இறந்தது என்று எழுதுவதும் தவறு. சாகும்போதும் செத்த பிறகும் வயிற்றுப் பால் மேலே வருவது சாதாரணம்.

கட்டணக் கோடுகளில் இரண்டு சிக்கல்

அமெரிக்க மருத்துவர் கட்டணத்தில் பிரசவ அறைப் புத்துயிர்ப்புக்கு 99465. பேக்கால் காற்று செலுத்தியதோ, நெஞ்சு அழுத்தியதோ இருந்தால்தான் அது. சக்‌ஷனும் முகத்தருகே ஆக்சிஜனும் மட்டும் என்றால் 99464. அதற்கும், பிரசவம் பார்த்த மருத்துவர் கேட்டுக்கொண்டதால் வந்தார் என்ற வரி சார்ட்டில் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. ‘பேக் நிறுத்தம் 05.09’ என்ற அந்த ஒரு வரி எவ்வளவு பெறும் என்பது இங்கே தெரியும்.

அடுத்தது வென்டிலேட்டர் மணிக்கணக்கு. அமெரிக்க மருத்துவமனைக் கோடிங்கில் 24 மணிக்குக் குறைவு, 24 முதல் 96 வரை, 96-க்கு மேல் என்று மூன்று பிரிவு. வெளியில் குழாய் போட்டு வந்த குழந்தைக்கு, உங்கள் மருத்துவமனைக்குள் வந்த நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். 3-ஆம் தேதி 14.20-க்கு வேறிடத்தில் குழாய், 18.00-க்கு வந்து சேர்ந்தது, 7-ஆம் தேதி 15.30-க்குக் குழாய் எடுத்தார்கள் என்று வையுங்கள். குழாய் போட்டதிலிருந்து எண்ணினால் 97 மணி 10 நிமிடம், மூன்றாம் பிரிவு. வந்ததிலிருந்து எண்ணினால் 93 மணி 30 நிமிடம், இரண்டாம் பிரிவு. சரியானது இரண்டாவது. இடையில் குழாய் தானாகக் கழன்று உடனே திரும்பப் போட்டிருந்தால் கணக்கு அறுபடாது; திட்டமிட்டு எடுத்து, சிபாப்பில் வைத்து, மறுநாள் மீண்டும் போட்டிருந்தால் புதிய கணக்கு தொடங்கும். ஆகவே குழாய் கழன்ற நேரத்தோடு, தானாகக் கழன்றதா எடுக்கப்பட்டதா என்பதையும் நர்ஸ் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.